பீரங்கி மேட்டில் பூசிய மஞ்சள்

தேவேந்திரன் அண்ணனுக்குச் சித்தூர் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வேலை. வாரம் ஒருநாள் லீவு. அந்த ஞாயிறுகளை எல்லாம் எங்கள் ஊர் ஓரத்தில் இருக்கும் பீரங்கி மேட்டில் முள் வெட்டியே கழித்தார். கூட வந்தவர்கள் நாலைந்து பேர். நானும் ஒருவன். அந்த இடத்தைப் பாதுகாக்கக் கேட்டுத் தொல்லியல் துறைக்கு அவர் சொல்லச் சொல்லத் தெலுங்கில் மனு எழுதியது நான்தான்.

ஐதர் படையும் கும்பெனிப் படையும் மோதிய இடம் என்பார்கள். கொத்தினால் ஈயக்குண்டு கிடைக்கும். பீரங்கிகள் நின்ற மண்மேடு இடுப்பளவு மிச்சம் இருந்தது. அதன் அடியில் ஒன்பது வீரக்கற்கள். எட்டில் வாள். ஒன்றில் மட்டும் ஒருவன் பறையோடு நிற்பான்.

"வாள் புடிச்சவனுக்குப் பேர் சொல்ல ஆள் கீது. இவனுக்கு யாரு கீறா? இவன் எங்காளுடா," என்பார். ஒரு சென்ட் நிலமும் இல்லாத தெருவில் பிறந்தவர். பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த முகத்தின் அழுக்கை அவர்தான் எடுத்தார்.

ஒரு மழைக்காலத்தில் வாள்கற்கள் இரண்டைக் காணோம். தேடிப் போனால், ஒரு மாட்டுக்கொட்டாய்க்குப் படியாகக் கிடந்தன. மறுநாளே மஞ்சளும் குங்குமமும் வாங்கிவந்து மீதி ஏழிலும் பூசிவிட்டார்.

"இனிமே எவன் எத்துக்கினு போவான், பாக்கலாம்."

நாங்கள் சிரித்தோம். யாரும் தொடவில்லைதான். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை எலுமிச்சை மாலை விழுந்தது. பிறகு தேங்காய். பிறகு உண்டியல்.

"கோயில் பக்கமே போகாத ஆளு நீ. ஊருக்கே சாமி குட்த்துட்ட," என்றார் அவர் மனைவி கலைவாணி.

கான்ட்ராக்டர் கோபிகிருஷ்ணன் கோயில் கமிட்டிக்குத் தலைவரானார். மண்டபம் கட்ட ஜேசிபி வந்தது. தேவேந்திரன் அதன் முன்னால் போய் நின்றார்.

"அண்ணே, கல்லுங்களுக்கு என்னா வேணா செஞ்சிக்கோ. மேட்ட மட்டும் உட்டுடு."

"மேட்ட வெச்சிக்கினா வண்டிய எங்கப்பா நிறுத்தறது? மஞ்சள் பூசினது நானா? நீதான பூசின?" என்றார் கோபிகிருஷ்ணன்.

தேவேந்திரன் ஓரமாக நகர்ந்தார். மத்தியானத்துக்குள் மேடு டிராக்டரில் ஏறி, ஈயக்குண்டுகளோடு ரோட்டுப் பள்ளத்துக்குப் போனது.

அதே மாதம்தான், ஒன்பது வருட மனுக்களுக்குப் பிறகு, துறையிலிருந்து ஒருவர் வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில், "இதி குடி கதா," என்றார். கோயில் ஆகிவிட்டதாம், இனி அவர்கள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்க முடியாதாம். டீ கூடக் குடிக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

கும்பாபிஷேகத்தன்று டைல்ஸ் தரையில் ஏழு கற்களும் பட்டு சுற்றி நின்றன. பறைக்காரனுக்கு வெள்ளி முகம் மாட்டி, கையில் ஒரு சூலத்தையும் சாய்த்திருந்தார்கள். பறை தெரியவில்லை. தேவேந்திரன் முதல் படியில் கால் வைத்தார். பூசாரி உள்ளிருந்தே பார்த்துவிட்டார்.

"தேவேந்திரா, அங்கியே நில்லு. தீர்த்தம் அங்க வரும்."

கலைவாணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். தீர்த்தம் வரும்வரை இருவரும் நிற்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் தேவேந்திரன் என்னிடம் கேட்டார்: "மனுல அந்தப் பறைக்காரனப் பத்தி ஒரு பக்கம் எழுதினியே, காப்பி கீதா?"

"கீதுண்ணா."

"கிழிச்சிடு. சாமிய எங்காளுன்னு எழுதி வெச்சான்னு அதுக்கும் வந்து கேப்பானுங்க."