சனியை ஓரமாக நின்று பார்த்தோம்

போன வாரம் இதே இடத்தில் நான் புலம்பியது ஞாபகம் இருக்கிறதா? கார் டயர் பஞ்சர், கைப்பேசி சாக்கடையில் விழுந்தது, கட்டுரை தாமதம்... எல்லாம் ஏழரைச் சனியின் வேலை என்று எழுதியிருந்தேன்.

பத்திரிகை வந்த அன்று மத்தியானமே ஒரு வாட்ஸ்அப்.

"அண்ணே, வாரா வாரம் அவரு மேலயே பழி போடுறீங்க. ஒரு தடவ ஆளப் பாத்துட்டுப் பேசுங்க லா!"

அனுப்பியவர் புனிதா. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. வீடு அதையும் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தில். வீட்டுக் கொல்லையில் டெலஸ்கோப் வைத்திருக்கிறாராம். சனி கிரகத்தைக் காட்டுகிறேன், வாங்க என்கிறார்.

எனக்குத் திக்கென்றது. இருக்கிற சனி போதாதா? தேடிப் போய் வேறு பார்க்க வேண்டுமா? ஆனாலும் வாசகி கூப்பிட்டுவிட்டார். சனிக்கிழமை கோயிலில் எள் விளக்கு போட்டுவிட்டு, ராசாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரை எடுத்தேன்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கொல்லையில் ஒரு மனிதர், காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தபடி, ஆள் உயரக் குழாய் ஒன்றைத் தூக்கி வந்து மரப்பீடத்தில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார். புனிதாவின் கணவர் முனியாண்டி. சுழலும் அந்தப் பீடமே அவர் பலகை வெட்டிச் செய்ததுதானாம். கொசுவர்த்தி கொளுத்தினார், எனக்கு நாற்காலி போட்டார், கொல்லை விளக்கை அணைத்தார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"நெலாவுன்னா கூடவே நிப்பாருண்ணே. சனின்னா உள்ள போயிடுவாரு," என்றார் புனிதா.

மேகம் மூடியிருந்தது. காத்திருந்த நேரத்தில் குரலைத் தாழ்த்திக் கதையைச் சொன்னார். முனியாண்டி பதினெட்டு வருஷம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி லோரி கவிழ்ந்தது. கால் போய்விட்டது என்றே நினைத்தார்கள், ஒருவழியாகப் பிழைத்தது. ஜாதகத்தைப் புரட்டினால் ஏழரைச் சனி. அன்றிலிருந்து ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

"திரும்ப லோரி ஓட்ட வாங்கன்னு மண்டோரு மூணு தடவ கூப்ட்டாச்சுண்ணே. 'சனி வெலகட்டும்'ங்கிறாரு. இன்னும் ரெண்டு வருஷமாம். அது வரைக்கும் இப்படியே உக்காந்திருந்தா, மனுஷன் ஒடிஞ்சிடுவாரு."

நானும் அதே கட்சிதானே!

ஒன்பது மணிவாக்கில் கிழக்கே மேகம் விலகியது. செம்பனை மட்டைகளுக்கு மேலே மினுக்காமல் ஒரு புள்ளி. மினுக்கினால் நட்சத்திரம், மினுக்காமல் நின்றால் கிரகம் என்றார் புனிதா. நட்சத்திர வரைபடமும் பார்க்கவில்லை, கைப்பேசியும் பார்க்கவில்லை. கையாலேயே குழாயைத் தள்ளி, குனிந்து, நிமிர்ந்து, ஒரு இழை நகர்த்தி... ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"வாங்கண்ணே, ஆளு வந்துட்டாரு."

நான் வேகமாகப் போய்க் குழாயின் அடிப்பக்கத்தில் கண்ணை வைத்தேன். கும்மிருட்டு.

"ஐயோ அண்ணே! அது அடி. உள்ள கண்ணாடி இருக்கு. மேல வாங்க, ஓரத்துல பாருங்க."

அப்போதுதான் கவனித்தேன். குழாயின் மேல்முனைக்குப் பக்கத்தில், ஒரு ஓரத்தில் இருந்தது கண் வைக்கும் துளை. குழாய் ஒரு திசை பார்க்கிறது, பார்க்கிறவர் வேறு திசை. நான் தயங்கி நிற்பதைப் பார்த்த புனிதா, கதவுக்குள் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார்.

"அண்ணே, கோயில்ல சனீஸ்வரன எப்படி நின்னு கும்புடுவீங்க?"

"நேருக்கு நேர் நிக்கக் கூடாதும்மா. ஓரமா நின்னுதான்."

"இங்க மட்டும் எப்படி நிக்கிறீங்களாம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடேயப்பா! என்னைக் கூப்பிட்டது எனக்காக இல்லை, சாத்தியிருக்கும் அந்தக் கதவுக்காக.

குனிந்து பார்த்தேன். கறுப்பில் ஒரு வெளிர்மஞ்சள் பொட்டு. குறுக்கே மெல்லிய கோடாக வளையம், ஊசியில் கோத்த ஒற்றை மணிபோல. இந்த வருஷங்களில் வளையம் மெலிந்துதான் தெரியுமாம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே நழுவி ஓரத்துக்குப் போனது. "ஓடுறது அவரு இல்லண்ணே, நாம," என்று குழாயை லேசாகத் தள்ளினார் புனிதா. அவ்வளவு அழகு. இதையா இத்தனை வருஷம் திட்டிக்கொண்டிருந்தேன்?

பின்னால் கதவு திறந்தது. முனியாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். பயபக்தியாக ஓரமாக நின்று, குனிந்தார்.

"இவ்ளோண்டுதானா?"

"ம்."

"ரொம்ப தூரமோ?"

"ரொம்ப ரொம்ப தூரங்க."

மறுபடி குனிந்தார். கண்ணை எடுக்காமலே பேசினார்.

"அங்கேருந்து வந்தா என் லோரிய கவுத்திருப்பாரு? அன்னிக்கி எனக்குத் தூக்கம் சொக்குச்சு புனிதா. கண்ண மூடிட்டேன். என் தப்புதான்."

"தெரியும்ங்க," என்றார் புனிதா. "ஆஸ்பத்திரியில மயக்கத்துல நீங்களே சொன்னீங்க."

மூன்று வருஷம்! தெரிந்தும் ஒரு நாள்கூடச் சொல்லிக் காட்டவில்லை. குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், சொல்லிக் காட்டுவதில் எவ்வளவு சுகம் என்று. நான் அன்று இரவு அதிகம் வியந்தது வானத்தைப் பார்த்து இல்லை. புனிதாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன், மனசுக்குள்.

முனியாண்டி என்ன, நம்பிக்கையை விட்டுவிட்டாரா? அதெல்லாம் இல்லை. வானத்தைப் பார்த்துக் கைகூப்பினார், அதுவும் ஓரமாக நின்று. பிறகு குழாயைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டே, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்.

"மண்டோருகிட்ட சொல்லிடணும்... நைட் ட்ரிப் மட்டும் வேணாம்னு."

புனிதா திரும்பிக்கொண்டு, அணைத்திருந்த கொல்லை விளக்கைப் போட்டார். போட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன்.

பின்குறிப்பு: இந்த வாரமும் கட்டுரை இரண்டு நாள் தாமதம், ஆசிரியரே... நான் தூங்கிவிட்டேன்.