குதிருக்குள் இருந்த தங்கச்சி

ஜப்பான் சண்டைக் காலத்தில் துணிக்குப் பஞ்சம் வந்தது. சோற்றுப் பஞ்சம் எங்களுக்குப் பழகியதுதான், இதுதான் புதிது. கண்ட்ரோல் கடைக்குப் பங்கீட்டுத் துணி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு நாங்கள் பெரம்பலூருக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் தீர்ந்திருக்கும். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து ஒரே சேலை. எனக்குக் கோவணம் போதும், ஆம்பிளைப் பிள்ளை.

தங்கச்சிக்குப் பத்து, பதினோரு வயது இருக்கும். பாவாடை நைந்துபோன பிறகு, அம்மா சேலையைக் கட்டிக்கொண்டு கடலைக்கொல்லைக்குக் களைவெட்டப் போவாள். இவள் சாக்கைச் சுற்றிக்கொண்டு, படலைச் சாத்தி உள்ளேயே இருப்பாள்.

மூலையில் ஒரு மண்குதிர் இருந்தது, கம்பு கொட்டி வைக்க. அம்மா கல்யாணமாகி வந்த வருசம் களிமண்ணையும் வைக்கோலையும் மிதித்து, வளையம் வளையமாக அவளே வைத்தது. என் நெஞ்சு உயரம். தானியம் தள்ள அடியில் ஒரு ஓட்டை உண்டு. அதை அடைத்திருந்த கந்தைகூடப் பாவாடைக்கு ஒட்டுப்போடப் போய்விட்டது. தெருவில் காலடிச் சத்தம் கேட்டால் தங்கச்சி அந்த வெறுங்குதிருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்வாள்.

கடலை பிடுங்கி முடிந்ததும் பண்ணை வீட்டம்மா ஒரு பழஞ்சேலை கொடுத்தார். அம்மா அதைப் பாதியாகக் கிழித்து இவளுக்குச் சுற்றிவிட்டாள். இனி வெளியே வருவாள் என்று நினைத்தோம். சேலையோடு போய்க் குதிருக்குள் உட்கார்ந்தாள். என் காலடிச் சத்தம் கேட்டாலும் இறங்கினாள். பேச்சு நின்றது. கஞ்சியை நீட்டினால் கை மட்டும் மேலே வரும். பிறகு அதுவும் வரவில்லை.

"காத்து கருப்பு அண்டிருச்சுக்கா" என்று மாமா வாலிகண்டபுரத்துப் பக்கமிருந்து ஒரு பூசாரியைக் கூட்டிவந்தார். தெருவே வாசலில் கூடிவிட்டது. பூசாரி உடுக்கை அடித்தார், வேப்பங்குழையால் குதிரின் மேல் விளாசினார்.

"யார்றீ நீ? எந்த ஆலமரத்துலேருந்து வந்த?"

பூசாரி உடுக்கையைக் கீழே வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார்.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா. கடப்பாரை எடுத்தாங்க, இடிச்சு, மயிரப் புடிச்சு இழுத்தாத்தான் எறங்குவா."

மாமா கடப்பாரையோடு வந்தார். எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது. அம்மா குதிரோடு முதுகை ஒட்டி நின்றாள்.

"தள்ளுக்கா."

"என்னைய இடிச்சுட்டு அப்பறம் இடி."

"பைத்தியம் புடிச்ச பொண்ண எவன்க்கா கட்டுவான்?"

"துணி இல்லாம ஒரு வருசம் நீ இருட்டுல குந்தியிரு, ஒனக்கு எந்தப் பேய் புடிக்குதுன்னு பாப்பம். எம்புள்ளைக்கு வெக்கம்டா. ஊரையே கூட்டியாந்து நிறுத்திப்புட்டு வெளிய வா வெளிய வான்னா எப்புடி வருவா?"

மாமா கடப்பாரையைப் போட்டுவிட்டுப் போனார். அதற்கப்புறம் ரொம்ப நாள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கூட்டமும் கலைந்தது. அம்மா படலைச் சாத்தினாள்.

"ஏ பாப்பா, நீ வரலன்னா நான் உள்ள வரேன்" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உரல்மேல் ஏறி ஒரு காலைக் குதிரின் விளிம்பில் போட்டாள். மண் பொருபொருவென்று உதிர்ந்தது.

உள்ளேயிருந்து கம்மிய குரல் வந்தது.

"நீ வந்தா குதிரு ஒடஞ்சிரும்மா."

அம்மா ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே, அப்படியே நின்று அழுதாள்.

அன்றைக்குத் தங்கச்சி வெளியே வரவில்லை. கஞ்சிக்குக் கை மட்டும் மறுபடி மேலே வந்தது.