மஸ்லினுக்குப் பதில் பனியன் துணி

புளிப்பு வாடை. சாயப்பட்டறைத் தெருவுக்குள் வண்டி திரும்பும்போதே மூக்கில் ஏறிவிடும் அசிட்டிக் அமிலத்தின் வாடை. ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் யார் வீட்டிலோ ஊறுகாய் போடுகிறார்கள் என்று நினைப்பார்கள். எனக்கு அந்த வாடை வந்தால் மூன்றாம் மாடியில் ஓர் ஆய்வுக்கூடம் திறந்துகொள்ளும். ஜன்னலோரத்தில் வெந்நீர்த் தொட்டி, ஐம்பது டிகிரிச் சூட்டில் கழுத்து வரை நிற்கும் கண்ணாடிக் குழாய்கள், அவற்றைக் குனிந்து பார்க்கும் இரண்டு தலைகள். ஒன்று நரைக்கத் தொடங்கியது. அது என்னுடையது. போன வாரம் சிக்னலில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த கம்பெனி வேன் ஹாரன் அடித்து ஓய்ந்து, சுற்றிக்கொண்டு போனது. ஓட்டுநர் போகிற போக்கில் என்னவோ சொன்னார். சொல்லட்டும். இன்னொரு தலைக்குச் சொந்தக்காரி என்னிடம் கடைசியாகப் பேசியது ஒரு பஸ் ஜன்னல் வழியாக. அதற்கு மூன்று வருடம் ஆகிறது.

நாற்பத்தொரு வயதில் எம்.எஸ்ஸி. உயிர்வேதியியல் சேர்ந்தேன். உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாத பிறவி நான். கம்பெனியில் செக்கிங் பிரிவு என் பொறுப்பு. தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் என்று தேடித் தேடி வருடங்கள் போயின. ஒருநாள் நூலுக்குள் என்ன இருக்கிறது என்று கேள்வி வந்தது. வந்த கேள்வி போகவில்லை. வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கல்லூரிக்கு அவரே கொண்டுவந்து விட்டார். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் கம்பெனி.

கடைசிப் பருவத்தில் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும். அம்மா வயதுக்காரியோடு சேர வகுப்பில் யாருக்கும் மனசில்லை. பெயர் கொடுக்கும் நாளில் அந்த இன்னொரு தலைக்காரி தாமதமாக வந்தாள். மீதி நான்தான் இருந்தேன். தென்காசிப் பக்கத்துப் பெண். அப்பா இங்கே வேலம்பாளையத்தில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். இருபத்திரண்டு வயது, ஒடிசலான விரல்கள். அந்த விரல்களில் பிப்பெட்டைக் கொடுத்தால் ஒரு சொட்டு பிசகாது. என் கையோ துணி இழுத்துப் பழகிய கை. நான் ஊற்றினால் ஒரு மில்லி ஒன்றேகால் மில்லி ஆகும். நீங்க எழுதுங்கக்கா, ஊத்துறத நான் பாத்துக்கிடுதேன் என்று முதல் நாளே வேலையைப் பிரித்துவிட்டாள்.

எங்கள் ஆய்வு ஒரு பூஞ்சையைப் பற்றியது. கம்பெனியின் பின்புறம் மழையில் நனைந்து கிடந்த கழிவுப் பஞ்சு மூட்டையில் அது பச்சையாகப் படர்ந்திருந்தது. பஞ்சின் மேல் வளர்கிறது என்றால் பஞ்சைத் தின்கிறது. தின்கிறது என்றால் பஞ்சை அறுத்துச் சர்க்கரையாக்கும் ஒரு என்சைம் அதனிடம் இருக்க வேண்டும். திருப்பூரில் இந்த என்சைமைத் தெரியாத பட்டறை இல்லை. துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை மேய்ந்து வழுவழுப்பாக்க அதைத்தான் டிரம் டிரம்மாக வாங்கி ஊற்றுகிறார்கள். பயோவாஷ் என்று பெயர். வாங்கி ஊற்றுவதை நம் ஊர்ப் பூஞ்சையிலிருந்தே எடுக்க முடியுமா என்பது எங்கள் கேள்வி.

செய்முறை எளிது. பூஞ்சை வளர்ந்த பஞ்சை பஃபர் கரைசலில் குலுக்கி, மஸ்லின் துணியில் வடித்துப் பிழிந்தால் என்சைம் நீரோடு வந்துவிடும். அதில் பஞ்சால் ஆன ஒரு துண்டு வடிதாளைப் போட்டு ஒரு மணி நேரம் வெந்நீரில் வைத்தால் தாள் கரைந்து சர்க்கரையாகும். மஞ்சள் நிற வினைப்பொருளைச் சேர்த்துக் கொதிக்க வைத்தால், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறம், இல்லையென்றால் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும்.

மஸ்லின் துணி வேண்டும் என்று எங்கள் வழிகாட்டி மேடம் பட்டியல் எழுதினார். நான் சிரித்தேன். துணிக்கா நம்ம ஊர்ல பஞ்சம் என்று கேட்டேன். கேட்டதில் ஒரு பெருமை இருந்தது, ஒளிப்பானேன். திருப்பூரில் வண்டி துடைப்பது பனியன் துணியில், அடுப்பில் பாத்திரம் இறக்குவது பனியன் துணியில், குழந்தையைத் துவட்டுவதும் பனியன் துணியில்தான். எங்கள் கம்பெனிக்குச் சாயம் போடும் பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்த பாய், கேட்ட மாத்திரத்தில் ஒரு கட்டு வெள்ளைத் துணியை என் வண்டியில் ஏற்றிவிட்டார். மெல்லிய துணி, மல்லிகை வெள்ளை. இருபது விரற்கடைச் சதுரங்களாக வெட்டி மேஜை இழுப்பறை நிறைய அடுக்கினேன். வடிக்க ஒரு சதுரம், வடித்ததும் குப்பையில். ராஜவாழ்க்கை.

முதல் தடவையே குழாய்கள் செங்கல் நிறத்துக்கு வந்தன. அவள் என் தோளைக் கிள்ளினாள்.

அதற்கப்புறம்தான் அந்த அதிசயம். எந்த என்சைமும் புரதம்தானே. கொதிக்க வைத்தால் முட்டை மாதிரி உறைந்து செத்துவிடும். அப்படிச் செத்ததைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால்தான் வேலை செய்தது என்சைம் என்று நிரூபணம் ஆகும். பத்து நிமிடம் கொதிக்க வைத்தோம். திரிந்த பாலைப்போல் கட்டி கட்டியாக வந்தது. ஆறியதும், தெளிவாக இருக்கட்டும் என்று இன்னொரு சதுரத்தில் வடித்தோம். வடிதாள் போட்டோம், வெந்நீரில் வைத்தோம், வினைப்பொருள் சேர்த்தோம். மஞ்சளாக நிற்க வேண்டிய குழாய் சிவந்துகொண்டே போனது.

திரும்பச் செய்தோம். சிவந்தது. பதினைந்து நிமிடம் கொதிக்க வைத்தோம். அப்போதும் சிவந்தது. மேடம் நாற்காலியை விட்டு எழுந்து வந்து குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொதித்தும் சாகாத என்சைம் என்றால் பட்டறைக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்றார். அவள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தாள். எவ்வளவு கொதிச்சாலும் அடங்க மாட்டேங்கே என்று காரணம் சொன்னாள். அன்றிலிருந்து வகுப்பே எங்களிடம் மாமியார் சௌக்கியமா என்று விசாரித்தது.

கம்பெனியிலும் பேச்சு பரவியது. செக்கிங் மேஜைப் பெண்கள் என்னை சயின்டிஸ்ட் அக்கா என்றார்கள். கேலிதான். ஆனாலும் அந்தக் கேலியை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தனியாக எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்த முடிவை வைத்து அவள் கோயம்புத்தூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்துக்கு விண்ணப்பித்தாள். உதவித்தொகையோடு முனைவர் படிப்பு. நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது, திங்கட்கிழமை பதினோரு மணிக்கு. வீட்டில் அப்பா ஒரே வாக்காகச் சொல்லியிருந்தார். இது கிடைத்தால் படி, கிடைக்காவிட்டால் ஒன்றாம் தேதியிலிருந்து கம்பெனி ஆபீசில் வேலை. வேலையும் பேசி முடித்தாகிவிட்டது. அவளுக்கு அந்த ஆபீஸ் நாற்காலி கனவில் வருமாம். சுழலும் நாற்காலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. அவள் வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள். அறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும் வேலை எனக்கு. அட்டவணையில் பிளாங்க் என்ற வரிசை மட்டும் காலியாக இருந்தது. என்சைமே இல்லாத வெறும் பஃபர். எல்லோரும் பஃபரை நேராகக் குழாயில் ஊற்றி, மற்றதைப் போலவே தாள் போட்டு வைத்து, வரும் அளவை எழுதிக்கொள்வார்கள். யோசிக்க ஒன்றுமில்லாத வேலை.

என் கை அப்படிச் செய்யவில்லை. செக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. எதை எதோடு ஒப்பிட்டாலும் இரண்டும் ஒரே மேஜையில், ஒரே விளக்கின் கீழ், ஒரே கை பட்டு வர வேண்டும். பழக்கதோஷத்தில் வெறும் பஃபரையும் அந்தத் துணியில் வடித்து, பிழிந்து, அப்புறம் குழாயில் ஊற்றி, வடிதாள் போட்டு வெந்நீரில் வைத்து, வினைப்பொருள் சேர்த்தேன்.

சிவந்தது.

நின்றேன். உட்கார்ந்தேன். எழுந்து ஜன்னல் வரை போய் வந்தேன். துணியில் வடிக்காத பஃபரை வைத்துப் பார்த்தேன். மஞ்சள். துணியில் வடித்தது, செங்கல். இழுப்பறையைத் திறந்து ஒரு சதுரத்தை முகத்தில் வைத்து மோந்தேன். லேசாக, மிக லேசாக, சாயப்பட்டறைத் தெருவைப் போலப் புளித்தது.

மறுநாள் காலையில் பட்டறைக்குப் போனேன். பாய் ஈரத் தரையில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்த வெள்ளைத் துணி பயோவாஷ் போட்டதா என்று கேட்டேன். போட்டதுதான் என்றார். முடிந்ததும் சுடுதண்ணியில் அலசி என்சைமைக் கொன்றீர்களா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது.

"அது கறை உழுந்து பாதியிலயே ரிஜெக்ட் ஆன லாட்டுங்க மேடம். கழிச்சுக் கட்டற துணிக்கு யாருங்க ஸ்டீம் போடுவாங்க? பச்சத்தண்ணில ஒரு அலசு அலசி வெயில்ல போட்டுட்டோம். தொடைக்கத்தானுங்களே கேட்டீங்க."

தொடைக்கத்தான் கேட்டிருந்தேன். வடிப்பதற்கு என்று நான் சொல்லவில்லை.

ஆக, துணியில் உயிரோடு ஒட்டியிருந்தது பட்டறை என்சைம். நாங்கள் பூஞ்சையின் என்சைமைக் கொதிக்க வைத்துக் கொன்றோம். கொன்றதை அந்தத் துணியில் வடித்து, வேறொன்றுக்குப் பிறந்தநாள் கொண்டாடினோம். கல்லூரிக்குத் திரும்பிப் போய் பூஞ்சைச் சாற்றை வடிதாளிலேயே வடித்துப் பார்த்தேன். கொஞ்சம் சிவந்தது. சாதாரணமாக, எந்தப் பூஞ்சைக்கும் சிவப்பது போல. கொதிக்க வைத்தேன். மஞ்சள். ஒழுங்காகச் செத்துப் போயிருந்தது.

அன்று சாயங்காலமே சொல்லியிருக்க வேண்டும். போனை எடுத்தேன், வைத்தேன். மேடத்துக்குப் போடலாமா என்று எடுத்தேன், முதலில் அவளுக்குத்தான் சொல்ல வேண்டும் என்று ஒரு சாக்கைக் கண்டுபிடித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை துவைத்த துணியையே திரும்பத் துவைத்தேன். மொட்டை மாடிக்கும் சமையலறைக்கும் எத்தனை முறை ஏறி இறங்கினேனோ, வீட்டுக்காரர் காலில் சக்கரமா என்றார். திங்கள் முடியட்டும், அவளுக்கு இடம் கிடைக்கட்டும், அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. சொன்ன பக்கத்தில் அவள் மட்டும் இல்லை, சயின்டிஸ்ட் அக்காவும் இருந்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணி, பஸ் ஸ்டாண்ட். அறிக்கையை நான்தான் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. அவள் இஸ்திரி மடிப்பு கலையாத நீலச் சுடிதாரில் நின்றிருந்தாள். எனக்காக ஒரு காபி வாங்கி ஆற விட்டிருந்தாள். அறிக்கையைக் கொடுத்தேன். காபியை எடுத்துக்கொண்டேன். அவள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து அட்டவணையில் நின்றாள். பிளாங்க் வரிசையில் பொய் எழுதவும் முடியாமல் மெய் எழுதவும் முடியாமல் நான் காலியாகவே அச்சடித்திருந்தேன்.

"பிளாங்க் ஏன்க்கா காலியா கெடக்கு? பூச்சியம்தான போடணும்."

"பூச்சியம் வரலீங் கண்ணு."

சொன்னேன். துணி, பாய், பச்சத்தண்ணி, எல்லாம். முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு, எனக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்ததை ஒரு நொடியில் பிடித்துவிட்டாள். கொதிக்க வெச்சதையும் அதுலதான வடிச்சோம் என்றாள், மெதுவாக, தனக்குத்தானே. நிறுத்தி, என்றைக்குத் தெரிந்தது என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை என்றேன்.

துணியைப் பொறுத்துக்கொண்டாள். அதைப் பொறுக்கவில்லை.

"வெள்ளிக்கெழமை தெரிஞ்சத திங்கக்கெழமை பஸ் ஏறும்போது சொல்லுதிய. நேத்து முழுக்க எங்கப்பாவ முன்னால உக்கார வெச்சு, அந்த என்சைமப் பத்திப் பேசிப் பேசிப் பாத்தேன்க்கா. அவுக ஒண்ணும் புரியாம தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டாவ."

கோயம்புத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தட்டிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவள் பையை எடுத்துக்கொண்டு ஏறினாள். வேறு பக்கம் பார்த்தபடி போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தாள். நான் போகாமல் கீழே நின்றேன். அவ்வளவுதான் என்று நினைத்தபோது ஜன்னல் வழியாகக் கை நீண்டது, பேனாவுக்காக. கொடுத்தேன். துணியில் வடித்த வெறும் பஃபரின் அளவைக் கேட்டாள். சொன்னேன். துணியில் வடிக்காமல் கொதிக்க வைத்தது எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னேன். மடியில் அறிக்கையை வைத்து, காலி வரிசையில் அவளுடைய சின்ன எழுத்தில் எழுதினாள். அதன் கீழே கோடு போட்டு இன்னொரு வரிசை சேர்த்தாள். கொதித்தும் சாகாத என்று தொடங்கும் தலைப்பை ஒரு நேர்க்கோட்டால் அடித்தாள். கோடு பிசகவில்லை. பிப்பெட் பிடித்த அதே கை.

வண்டி உறுமியது. பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள்.

"துணி யாரு கொண்டாந்ததுன்னு கேப்பாவ. நீங்கதான்னு சொல்லுவேன்."

"சொல்லு கண்ணு. வெள்ளிக்கெழமையே தெரியும்னும் சொல்லு."