மூத்தார் போட்ட கையெழுத்து

என் வீட்டுக்காரருடைய அண்ணனோடு, கல்யாணமாகி ஒன்பது வருஷம் நான் ஒரு வார்த்தை பேசினதில்லை. எங்கள் பக்கத்தில் மூத்தாருக்கு எதிரில் நிற்கவே மாட்டோம். எதுவானாலும் அவர் சம்சாரம் வழியாகத்தான்.

எழுபதுகளில் ஒரு அறுப்பு முடிந்த சமயம், வில்லியனூர் ரோட்டில் நெல் மூட்டை ஏற்றிய வண்டியிலிருந்து என் வீட்டுக்காரர் தலைகுப்புற விழுந்தார். டவுன் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கண் திறக்கவில்லை. மூக்கில் ஒரு குழாயில் கஞ்சி, இன்னொன்றில் ஆக்சிஜன். இனி நினைவு வராது என்றார் டாக்டர். தொண்டையில் துளை போட்டு இன்னும் கொஞ்ச நாள் வைத்திருக்கலாம், இல்லையென்றால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம், காலையில் சொல்லுங்கள் என்றார்.

குழாயை எடுத்தால் கொலைக் கேஸ் ஆகுமோ என்று மூத்தாருக்குப் பயம். ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தார். தனக்குத் தெரிந்து இங்கே யாரும் இப்படி வழக்குப் போட்டதில்லை என்றாராம் வக்கீல். ஆனால் கோர்ட்டுக்கே போனாலும், படுத்திருக்கிறவர் நன்றாக இருந்தபோது என்ன சொன்னார் என்றுதான் ஜட்ஜ் முதலில் கேட்பாராம்.

அதை வராண்டாவில் தன் சம்சாரத்திடம் சொன்னார். தூணோரம் நின்று நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த அக்கா வெந்நீர் வாங்கப் போனதும், மூத்தார் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அவன் எதுனா சொல்லிக்கிறானாம்மா?"

நான் தரையைப் பார்த்துச் சொன்னேன். "அப்பா மாதிரி என்னப் படுக்கப் போட்டு வெச்சிக்காத, வூட்டுக்குத் தூக்கினு வந்துடுன்னாரு."

"எப்ப?"

"மாமனாரோட முப்பதாம் நாளு பூசைக்குப் போய்ட்டு வரச்சொல."

"குடிச்சிருந்தானா?"

"இல்ல."

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காலையில் டாக்டர் காகிதம் நீட்டினார். நான் ஐந்தாவது படித்தவள், கையெழுத்துப் போட வரும். பேனாவுக்குக் கை நீட்டினேன். மூத்தார் முந்திக்கொண்டார்.

"நீ போடாத. நாளைக்கு ஊரு ஒன்னத்தான் கேக்கும்."

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். மாதா கோயில் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசுகிற எண்ணெயைப் பூசினார். மூன்றாம் நாள் மத்தியானம், உதட்டை ஈரத்துணியால் நான் நனைத்துக்கொண்டிருந்தபோது மூச்சு அடங்கியது. முகம் இறுகாமல், தூங்குகிறவர் மாதிரி இருந்தார்.

கல்லறையிலிருந்து திரும்பியதும், சின்ன மாமியார் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, புருஷனுக்குக் கஞ்சி ஊத்த சோம்பல்பட்டு குழாயை எடுக்கச் சொல்லிட்டாளாம் என்று என்னைச் சாடையாகப் பேசினார். ஆம்பளைகள் நடுவிலிருந்து மூத்தார் எழுந்து வந்தார்.

"கையெழுத்து என்னுது சித்தி. கேக்கறத என்னாண்ட கேளு."

அதற்கப்புறம் யாரும் என்னைக் கேட்கவில்லை. அவரைத்தான் வருஷக்கணக்கில் கேட்டார்கள். அவள் சொல்லித்தான் செய்தேன் என்று ஒருத்தரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு பிள்ளைகளை அதே ஊரில் வைத்து என்னால் வளர்க்க முடிந்தது அதனால்தான். அவர் உயிரோடு இருந்தவரைக்கும், கூச்சத்தில் இதை அவரிடம் சொல்லாமலே விட்டேன்.