சூடான மேசை

அழைப்புப் போட்டி என்றால் கூப்பிட்டவர்கள் மட்டும்தான் ஆட முடியும். திருவனந்தபுரத்தில் தொழில்முறை ஸ்னூக்கர் ஆட்டக்காரர்களுக்கு அப்படியொரு போட்டி நடந்தபோது, உள்ளூர்க்காரன் ஒருவனாவது இருக்கட்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், நிமிர்ந்தால் முழங்கால் முனகும்.

முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் இன்னும் ஒரு வருஷம் ஆடுவது, தோற்றால் கியூக் கோலைப் பரணில் போட்டுவிடுவது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். "சரி" என்றாள், அவ்வளவுதான். அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கல்யாணமான நாளிலிருந்து கரமனையில் எங்கள் வீட்டுச் சாயங்காலங்கள் நான் இல்லாமலேதான் கழிந்தன. ஆனாலும் நான் தோற்கத்தான் காத்திருக்கிறாள் என்று தோன்றியதும் எனக்கு எரிச்சலாக வந்தது.

எங்கள் கிளப் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊர்க் கடற்காற்றும், ஜூனில் பிடிக்கும் இடவப்பாதி மழையும் சேர்ந்து அதன் பச்சைத் துணியை எப்போதும் நமுத்தே வைத்திருக்கும். பந்து ஓடாது, நகரும். அதனால் இங்கே ஆடுகிறவர்கள் எல்லோருக்கும் ஓங்கி அடித்தே கை பழகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் பார்த்தால் விறகு பிளக்கிறோம் என்று சிரிப்பார்கள். போட்டிக்குக் கொண்டுவந்த மேசையோ அடியில் ஹீட்டர் வைத்தது. துணி அப்பளமாகக் காய்ந்திருந்தது, தொட்டாலே பந்து பறக்கும். மலையாளியான கிளப் செயலாளர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சாரே, டேபிள் நல்ல சூடாக்கும், கேட்டோ. மெல்லத் தட்டினா மதி." மேசை நல்ல சூடு, மெல்லத் தட்டினாலே போதும் என்கிறார்.

மெல்லத்தான் தட்டினேன். எதிரே ஆடியவன் மும்பைப் பையன், என் வயதில் பாதி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் 'மெல்ல, மெல்ல' என்று கைக்குச் சொல்லிச் சொல்லியே கடைசிச் சுற்றான ஐந்தாவது ஃபிரேம் வரை இழுத்துவிட்டேன். அடிப்பதைவிட அடக்குவதில்தான் களைத்துப்போனேன். முடிவில் மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். அதைப் போடுகிறவனுக்கு ஆட்டம். வாய்ப்பு என்னிடம் வந்தது. நேரான பந்து, கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

குனிந்தேன். இடுப்பில் சுரீரென்றது. சீக்கிரம் முடித்துத் தொலைப்போம் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில் கை, தன் ஊர் மேசைக்குத் திரும்பிவிட்டது. ஓங்கி அடித்தேன். கறுப்பு குழிக்குள் விழுந்தது. பின்வரிசையில் யாரோ ஒருவர் மட்டும் கைதட்டினார்.

ஆனால் நான் கோலால் அடித்த வெள்ளைப் பந்து நிற்கவில்லை. எங்கள் நமுத்த துணியில் என்றால் அது பாதி வழியிலேயே படுத்திருக்கும். இங்கே கறுப்பின் பின்னாலேயே போய் அதே குழியில் விழுந்தது. வெள்ளை விழுந்தால் தப்பாட்டம், புள்ளிகள் எதிராளிக்கு, ஆட்டமும் அவனுக்கு. ரெஃபரி அறிவித்தார். பையன் எழுந்து வந்து கைகொடுத்தான். நல்ல பையன்தான், என் முகத்தைப் பார்க்காமலேயே கொடுத்தான்.

என்னைவிட அந்தக் கைதட்டிய ஆள்மேல்தான் எனக்குக் கோபம். விளையாட்டே தெரியாதவர்களையெல்லாம் ஏன் உள்ளே விடுகிறார்கள் என்று செயலாளரிடம் சிடுசிடுத்தேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மடக்கிய குடையோடு என் மனைவி நின்றிருந்தாள். அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் அவள் வந்ததில்லை.

கரமனை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கியூக் கோல் பெட்டியை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஸ் கிள்ளிப்பாலம் தாண்டியது.

"கறுப்பு விழுந்தா ஜெயம்னு நீங்கதானே சொல்லியிருக்கேள்," என்றாள், வெளியே பார்த்தபடியே. "வெள்ளையைப் பத்திச் சொல்லவே இல்லையே."