கிளேஸுக்கு அடியில் எழுதிய ஊர்வலம்

'மாபெரும்' என்ற சொல்லை நான் ஒன்பது முறை நீக்கியிருக்கிறேன். ஒன்பது முறையும் அதைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தவர் எனக்குப் பத்தடி தள்ளி, பேக்கிங் பிரிவில் வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அவர்தான் வைக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான்தான் எடுக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் எனக்குக் கண் எழுதுகிற வேலை. மதியம் சாப்பிட்டு முடித்ததும் செல்போனை எடுத்து இணையக் கலைக்களஞ்சியத்தைத் திருத்த ஆரம்பித்துவிடுவேன். அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம், புனைபெயர் போதும். ஊரில் இல்லாத ஏரியை ஊரில் வைத்திருப்பார்கள். பிடித்து வெளியே தள்ளுவேன். அதில் ஒரு அற்ப சந்தோஷம், மறைப்பானேன்.

சூளைக்கு எரிக்கிற கேஸ் விலை ஏறியதைக் கண்டித்து நாங்கள் ஊர்வலம் போனோம். அதைப் பற்றி அங்கே கட்டுரை ஆரம்பித்ததும் நான்தான். வார்ப்புப் பிரிவு அக்காவுக்காக ஆரம்பித்தேன். அச்சில் களிமண் கூழ் ஊற்றுகிற வேலை அவருக்கு. தொழிற்பேட்டை வாசலிலிருந்து சார் ஆட்சியர் அலுவலகம் வரைக்கும் முன்வரிசையில் பேனரின் ஒரு முனையைப் பிடித்து நடந்தவர் அவர்தான். பாதி வழியில் செருப்பு வார் அறுந்துபோனது. அதைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு நடந்தார். தொழிற்சங்கத் தலைவர் வேப்பூர்ப் பக்கத்திலிருந்து காரில் வந்து, ஊர்வலம் போகிற வழியில் பாலக்கரையில் இறங்கினார், டீ குடித்தார், பேனருக்கு முன்னால் வந்து நின்றார். போட்டோகிராபரும் சரியாக அங்கேதான் நின்றிருந்தார். மறுநாள் பேப்பரில் தலைவர் முழுசாக இருந்தார். அக்காவின் முழங்கை மட்டும் ஓரமாக இருந்தது.

அக்காவின் மகன் கத்தாரில் வேலை பார்க்கிறான். போனில் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருக்கிறார். அவன் சிரித்திருக்கிறான். கும்பலோடு கும்பலாகப் போய்விட்டு வந்து கதை விடாதே, நெட்டில் இருந்தால் காட்டு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அக்கா என்னிடம் வந்து, "அதுல நான் நடந்தத மட்டும் ஒரு வரி போட்டுடு பாப்பா. அவன் நம்பணும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார்.

ஒரு வரி என்ன, நாலு வரி எழுதினேன். செருப்பையும் விடவில்லை. மறுநாளே யாரோ ஒரு திருத்தர், எந்த ஊர்க்காரரோ, நாலையும் அழித்துவிட்டார். நேரில் பார்த்ததெல்லாம் செல்லாதாம், அச்சில் வந்த சான்று வேண்டுமாம். அச்சில் என்ன வந்தது? தலைவர் தலைமை தாங்கினார் என்றுதான் வந்தது. கூடவே நடந்த என் கண் செல்லாது, பேப்பரில் வந்த முழங்கை செல்லும்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்ப எழுதினேன், திரும்ப அழித்தார். விதி அவர் பக்கம் இருந்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

இந்த நேரம் பார்த்துத்தான் பேக்கிங் அண்ணன் கட்டுரையைக் கண்டுபிடித்தார். சங்கத்தின் கிளைச் செயலாளர் அவர். 'மாபெரும்', 'எழுச்சிமிகு', 'வரலாறு காணாத' என்று கொட்டினார். கடைசி இரண்டும் ஒரே நாளில் சரணடைந்தன. 'மாபெரும்' மட்டும் விடவில்லை. "எவனோ மெட்ராஸ்காரன் வேலையத்துப் போயி எடுத்துக்கிட்டே இருக்கான் தங்கச்சி" என்று என்னிடமே வந்து அழுதார். வயிற்றெரிச்சல் பிடித்தவனாக இருப்பான் அண்ணே என்று நானும் ஆறுதல் சொன்னேன். எப்படித் திரும்பப் போடுவது என்று போனை வாங்கிச் சொல்லியும் கொடுத்தேன்.

சான்று கேட்கிறார்கள் என்று அவருக்கும் தெரியவந்தது. ராத்திரி முழுக்க யோசித்தாரோ என்னவோ, காலையில் முகம் மலர வந்தார். ராஜாக்கள் கல்லில் வெட்டி வைத்ததை எல்லாரும் சான்றாக எடுத்துக்கொள்ளவில்லையா? நாம் செராமிக் ஊர்க்காரர்கள், பீங்கான் ஓட்டில் எழுதிச் சுட்டுச் சங்கக் கொடிக்கம்ப மேடையில் பதித்துவிடுவோம், அழிக்கிறவன் சுத்தியலோடு வரட்டும் என்றார். தலைவரே வந்து திறந்துவைக்கச் சம்மதித்துவிட்டாராம். எழுத்து அழகாக இருக்கும் என்று எழுதுகிற வேலையை என்னிடம் கொடுத்தார். வாசகத்தில் 'மாபெரும்' இரண்டு இடத்தில் இருந்தது. அக்கா எந்த இடத்திலும் இல்லை.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. ஒருமுறை சுட்ட ஓட்டில் வண்ணத்தால் எழுதி, கிளேஸ் என்கிற வெள்ளைக் குழம்பில் முக்கினால் எழுத்து மொத்தமும் மறைந்துபோகும். புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். திரும்பச் சூளையில் வெந்து கிளேஸ் கண்ணாடியாக உருகின பிறகுதான் அடியில் இருப்பது தெரியும். அதற்கப்புறம் யார் நினைத்தாலும் திருத்த முடியாது. கலைக்களஞ்சியத்துக்கு நேர் எதிர்.

நான் எழுதினேன், முக்கினேன். அண்ணன் வந்து வெள்ளை ஓட்டைப் பார்த்து, எழுத்து நல்லா வந்திருக்கும் என்று பாராட்டிவிட்டுப் போனார். சூளை திறந்த அன்றைக்கு அவர் பந்தல்காரரோடு அலைந்துகொண்டிருந்தார். நானே ஓட்டை எடுத்துத் துணி சுற்றிக் கொத்தனாரிடம் கொடுத்தேன். வேலை போய்விடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திறப்பு விழாவில் தலைவர் துணியை விலக்கி, மைக்கில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். "இந்த ஊர்வலத்தைப் பெண்கள் முன்னின்று நடத்தினார்கள்." அடுத்து அக்காவின் பெயர். பேனர் பிடித்து வந்தவர், செருப்பு அறுந்த பிறகும் வெறுங்காலோடு நடந்தவர். இங்கேயே தலைவரின் குரல் மெதுவாகிவிட்டது. நிறுத்தவும் முடியாது, எதிரே நிருபர்கள். "தலைவர் பாலக்கரையில் வந்து சேர்ந்துகொண்டார்" என்பதையும் அவரே படித்தார். பிறகு, எத்தனை கூட்டம் பார்த்த மனுஷன், ஓட்டைத் தடவிக் கொடுத்து, தாய்மார்களைக் கௌரவிக்கத் தான்தான் இப்படி எழுதச் சொன்னதாக அறிவித்தார். கைதட்டல் அடங்க வெகு நேரம் ஆனது.

பேப்பரில் ஓட்டு வாசகம் முழுசாக வந்தது. அதைச் சான்றாகக் கொடுத்து என் நாலு வரியையும் ஏற்றினேன். இந்த முறை அந்தத் திருத்தர் அதைத் தொடவில்லை.

அண்ணன் ஒரு வாரம் என் மேஜைப் பக்கம் வராமல் சுற்றிப் போனார். எட்டாம் நாள் என் மேஜைக்கு வந்து நின்றார். "அந்த மெட்ராஸ்காரனும் நீதானா?" என்று கேட்டார். ஆமாம் அண்ணே என்றேன். போய் வைக்கோலுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். அன்று மதியம் 'மாபெரும்' பத்தாவது முறையாக வந்து உட்கார்ந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டுரையின் லிங்க்கை அக்கா மகனுக்கு அனுப்பிவைத்திருந்தேன்; அப்போதுதான் கத்தாரிலிருந்து போன் வந்தது. அக்காவின் கையெல்லாம் களிமண். அதனால் நான்தான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தேன். நானும் கேட்கிறேன் என்பது தெரியாமல் அவன் தழுதழுத்தான்.

"யம்மா, அந்த வெயில்ல செருப்பில்லாமயா நடந்த? ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

அக்கா அச்சில் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"சொன்னன்டா. நீதான் சிரிச்ச."