அதிர்ஷ்டத் திசையில் ஒரு நாற்காலி

சகாய் நகரத்து இனோகுமா மிசாவோவின் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு, இறங்குவதற்குள் அவள் மருமகளின் சமையல் லட்சணம் வரை தெரிந்துவிடும். ஒசாகாப் பக்கத்துப் பெண்கள் வாயாடிகள் என்று டோக்கியோக்காரர்கள் கிண்டலடிப்பதெல்லாம் இவளைப் போன்ற நாலு பேரால் வந்த வினை.

கணவர் தெய்ஜி நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை, ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று அவர் தலைக்கு மேல் ஒரு பலகை தொங்கியது. வீட்டில் பலகை எதுவும் இல்லை, ஆனால் அவர்தான் பேச முடியாது.

பிள்ளைகள் பிழைப்பைத் தேடிப் போன பிறகு, அந்த வாய்க்குத் தீனி போட ஊர்ப் பொதுக்கூடம் கிடைத்தது. ஜப்பானைச் சுற்றிப் பார்க்க வந்த வெளிநாட்டவருக்குப் பருவகாலச் சடங்குகளைக் கற்றுக்கொடுப்பதாக அவள் பெயர் கொடுத்தாள். கற்றுக்கொடுத்தாள் என்பதைவிட ஆட்டிப்படைத்தாள் என்பதே சரி. செத்தவருக்குப் படைப்பதுபோல, சாப்பிடும் குச்சியைச் சோற்றில் நட்டுவைத்த ஒரு நார்வேக்காரரை, "இங்க என்ன எழவா விழுந்திருக்கு?" என்று அதட்டியதில் அந்த ஆறடி மனிதர் அன்று பட்டினியாகவே எழுந்து போனார்.

வசந்தம் பிறப்பதற்கு முந்தைய நாள் வந்தால் மிசாவோவுக்குச் சாமி வந்த மாதிரிதான். அந்த வருடத்து அதிர்ஷ்டத் திசையைப் பார்த்து நின்று, மனதில் ஒன்றை வேண்டிக்கொண்டு, ஒரு சாண் நீளத்தில் கடற்பாசி சுற்றிய தடித்த சோற்றுச் சுருளை வெட்டாமல் முழுசாகத் தின்ன வேண்டும். தின்று முடியும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் வேண்டுதல் பாழ். அவளைப் பெற்றவள் இதே சுருளைக் கத்தியால் துண்டு போட்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டேதான் தின்றாள். அதை மிசாவோவிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

அந்த வருடம் தெய்ஜிக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. சில வாரங்களாகவே முயன்று பார்த்தார்.

"மிசாவோ, தொத்தோரிலேருந்து தம்பி கென்சாகு போன் பண்ணான். அவனோட பேரிக்காய்த் தோட்டத்துல..."

"பேரிக்காயா? போன தடவை நீங்க வாங்கிட்டு வந்ததுல பாதி சொத்தை! அதை மேல் வீட்டு அக்காகிட்ட கொடுத்துட்டு நான் பட்ட அவமானம் இருக்கே..."

அந்த அவமானக் கதை இரவுச் சாப்பாடு முடியும்வரை ஓடியது. தெய்ஜி கதவை மூடிக்கொண்டு குளிக்கப் போனார்.

சடங்கன்று நண்பகலில் பொதுக்கூடம் நிறைந்திருந்தது. "உங்க பல் செட்டுக்குச் சுருளெல்லாம் சரிப்படாது, டீ ஊத்துங்க போதும்" என்று மிசாவோ தெய்ஜியை ஓரங்கட்டினாள். திசைகாட்டியை வைத்துப் பார்த்து, எல்லாரையும் தெற்குக்குச் சற்றுக் கிழக்கே திருப்பி நிறுத்தினாள். எல்லார் வாயிலும் சுருள் நுழைந்தது. அவள் வாயிலும் நுழைந்தது. கூடம் அமைதியானது.

தெய்ஜி டீக்கெண்டியைக் கீழே வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், சரியாக அந்தத் திசையில் போட்டு, எல்லாருக்கும் எதிரே உட்கார்ந்தார்.

"மிசாவோ, நான் தொத்தோரி போறேன். கென்சாகுவுக்கு முட்டி போயிடுச்சு. பேரி மரத்துக்குக் கிளை வெட்ட ஆள் வேணுமாம். அங்கயே தங்கிக்கறேன்."

அவள் கண்கள் அகலத் திறந்தன. தாடை மட்டும் நிற்கவில்லை.

"உன் மேல கோவமெல்லாம் இல்ல. ஆனா கல்யாணமானதுலேருந்து நான் ஒரு பேச்சை முழுசாப் பேசி முடிச்சதே கிடையாது. இப்பத்தான் முதல் தடவை. நல்லாத்தான் இருக்கு." அவர் தொண்டையைச் செருமினார். "பை வாசல்ல இருக்கு, பஸ் வர நேரமாச்சு. போக வேண்டாம்னா சொல்லு. ஒரு வார்த்தை போதும், இருந்துடறேன். சொல்லலைன்னா சம்மதம்னு எடுத்துக்கறேன்."

பாதிச் சுருள் மிச்சமிருந்தது. துப்பிவிட்டுப் பேசலாம். பேசினால் வேண்டுதல் போகும். கற்றுக்கொடுத்தவளே வாயைத் திறந்தாள் என்று ஊரும் சிரிக்கும். பாவம், அவள் மென்றாள். இத்தனை வருடமாக யாருக்கும் தேவைப்படாத லட்சம் வார்த்தைகளை வாரி இறைத்தவளுக்கு, தேவைப்பட்ட ஒரே ஒரு வார்த்தையைக் கொடுக்க வாய் வரவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிய வழிய மென்றாள். ஜப்பான் மொழி புரியாத விருந்தாளிகள் அதைப் பக்தி என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

தெய்ஜி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு எழுந்து குனிந்து வணங்கினார். இதுவும் சடங்கில் சேர்த்தி என்று எண்ணிய விருந்தாளிகள், வாய் நிறையச் சோற்றோடு கைதட்டினார்கள்.

கடைசிக் கவளத்தை விழுங்கியதும் மிசாவோ வாசலுக்கு ஓடினாள். விருந்தாளிகளின் செருப்புகளுக்கு நடுவே அவருடைய காலணியை மட்டும் காணவில்லை. பேருந்து முனை திரும்பிக்கொண்டிருந்தது.

கூடத்துக்குள் அவள் திரும்பி வந்தபோது, ஜப்பான் மொழியைப் புதிதாகப் படிக்கும் ஒரு பெண், படித்ததைப் பேசிப் பார்க்கும் ஆசையில் வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்க என்ன வேண்டிக்கிட்டீங்க?"

மிசாவோ உதட்டோரத்தில் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்தாள்.

"அவர் கடைசிவரைக்கும் என் கூடவே இருக்கணும்னு. வருஷா வருஷம் அதேதான் கேக்கறேன், கண்ணு. ஒரு வருஷம்கூட நடுவுல வாயைத் திறந்ததே இல்ல."